கிணற்றுக்குத் தண்ணீர் ஊற்றியவன்

கிணற்றிலிருந்து தண்ணீர் அள்ளுபவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிணற்றுக்குள் தண்ணீர் ஊற்றியவனைப் பார்த்திருக்கமாட்டீர்கள். அவன் நான்தான். இத்தனை வருடம் இதை வெளியே சொல்லாததற்குக் காரணம், சொன்னால் என் இரண்டு பெண்களுக்கும் மாப்பிள்ளை அமையாது என்ற பயம். மூத்தவளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. இளையவளுக்கும் பேசி முடித்தாயிற்று. இனி எழுதலாம்.

விடிந்தும் விடியாத நேரம். திருகோணமலைப் பக்கம், நிலாவெளிக்குச் சற்று வடக்கே, கடற்கரை வீதியிலிருந்து கூப்பிடு தூரத்தில் என் இரண்டு ஏக்கர் காணி. பக்கத்துக் காணிக்காரர் மீராலெவ்வைக் காக்காவின் கிணற்றில் இரண்டு வாளி நிறைய அள்ளி, காலடியில் மணல் சறுக்கச் சறுக்க என் கிணற்றடிக்குக் கொண்டுவருவேன். வாளி சுவரில் இடித்தால் சத்தம் கேட்கும் என்று, கயிற்றில் கட்டி மெல்ல மெல்ல இறக்கி, தண்ணீரில் முட்டியதும் கவிழவிடுவேன். தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் இறக்குவதுபோல அவ்வளவு பக்குவம்.

மூன்று விடியலாக இந்த வேலை. மூன்றாம் நாள் பத்து மணி பஸ்ஸில் என் மனைவி பவளம் பிள்ளைகளோடு வருகிறாள். அவள் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்க்கத்தான் வருகிறாள்.

வெங்காயப் பைத்தியம்

நான் தோட்டக்காரன் ஆன கதையைப் போன கிழமை இந்தப் பத்தியில் கொஞ்சம் சொன்னேன். வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் நாட்டுக்குள் வருவது நின்றுபோயிருந்த காலம். கொழும்பில் எங்கள் அரசாங்கக் கந்தோரில் பதினொரு மணித் தேநீருக்கு இருக்கிற எல்லாரும் வெங்காயக் கதைதான் கதைப்போம். மேசையை விட்டு எழும்பாமல் ஓய்வூதியம் வரை போகக்கூடிய மனிதர்கள், வெங்காயத்துக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடுவது என்று சண்டை பிடிப்பார்கள். ஒருவரும் மண்வெட்டி பிடித்ததில்லை. நானும் பிடித்ததில்லை. ஆனால் என்னிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருந்தது. திருகோணமலையில் வாழ்ந்து, பிள்ளைகள் இல்லாமல் செத்துப்போன தாய்மாமன் எனக்கென்று விட்டுச்சென்ற ஒரு துண்டுக் காணி.

அந்தக் காணியை அதுவரை நான் ஒரு முறைதான் பார்த்திருந்தேன். அதுவும் பஸ்ஸுக்குள் இருந்தபடி.

வேலையை விடுகிறேன் என்று இரண்டு பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி எங்கள் கந்தோர்ப் பெரியவரிடம் கொடுத்தேன். நாட்டுக்கு உணவு, மண்ணின் அழைப்பு என்றெல்லாம் அதில் இருந்தது. மனிதர் என்னைத் தடுத்து நிறுத்துவார், குறைந்தது ஒரு பெருமூச்சாவது விடுவார் என்று நின்றுகொண்டிருந்தேன். அவர் சிவப்பு மையால் ஏழு இடத்தில் பிழை திருத்தி, நல்லபடி எழுதிக்கொண்டு வரும்படி திருப்பித் தந்தார். இருபது வருட அரசாங்க சேவை அப்படி முடிந்தது.

பைப்புக்காக வந்தவள்

பவளம் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் உள்ள தீவொன்றில் பிறந்தவள். அங்கே வீட்டுக் கிணறுகளில் பாதிக்கு மேல் உவர். ஆறு வயதிலிருந்து கலியாணம் கட்டும் நாள்வரை, காலையும் மாலையும் இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு வாளி என்று நல்ல தண்ணீருக்கு நடந்து, சுமந்து காவிக்கொண்டு வந்தவள். எங்களுக்குக் கலியாணமாகி ஒரு மாதத்தில், கொழும்பில் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுக் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில் நான் நின்று, என்னிடம் எதைக் கண்டு சம்மதித்தாள் என்று கேட்டேன். புது மாப்பிள்ளை அல்லவா, ஏதாவது நல்லதாகச் சொல்வாள் என்ற ஆசை. அவள் கொஞ்சமும் யோசிக்காமல், எங்கள் வீட்டில் பைப் இருக்கிறது என்று தரகர் சொன்னதாகச் சொன்னாள்.

ஆகவே நான் வெங்காயம் என்று தொடங்கியபோது அவள் அழவில்லை, கத்தவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அவள் கொழும்பில் பள்ளிக்கூட ரீச்சர். நான் முதலில் போய்த் தோட்டத்தைத் தொடங்குவது. சித்திரை லீவுக்கு அவள் பிள்ளைகளோடு வந்து பார்ப்பது. அங்கே வாசலில் நல்ல தண்ணீர் இருந்தால், நிலாவெளிப் பக்கம் இடமாற்றம் கேட்டு விண்ணப்பத்தில் கையெழுத்து வைப்பது. இல்லையென்றால் அவளும் பிள்ளைகளும் கொழும்பில், நான் வெங்காயத்தோடு.

“நான் இனி ஒரு குடம் தண்ணி காவமாட்டன். அதை மட்டும் நினைச்சுக்கொண்டு போங்கோ,” என்றாள்.

நான் போய் முதல் கிழமையே கடிதம் எழுதினேன். கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி என்று. அந்த நேரத்தில் அது பொய்யில்லை. மாமன் கட்டிய கிணறு, எட்டிப் பார்த்தால் முகம் தெரியும் ஆழம், பளிங்கு மாதிரித் தண்ணீர். அதை அப்படியே விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

இன்னும் ஒரு ஆள் ஆழம்

எல்லாரும் வாளியால் அள்ளி இறைக்கிற ஊருக்கு நான் பம்ப் ஒன்றைக் கொண்டுபோனேன். சிவப்பு நிறம். மண்ணெண்ணெயில் ஓடும். அதை லொறியிலிருந்து இறக்கிய அன்று கரைவலைக்காரர்கள்கூட வலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். எனக்குக் கலியாண வீட்டில் மாலையோடு நிற்பது போல இருந்தது.

பம்ப் ஓடத் தொடங்கி அரை மணியில் கிணறு வற்றியது. குழாய் காற்றை உறிஞ்சிக்கொண்டு மாடு கனைப்பதுபோல ஒரு சத்தம். கந்தோர் மூளை வேலை செய்தது. தண்ணீர் போதவில்லை என்றால் கிணறு ஆழம் போதவில்லை. ஆழம் போதவில்லை என்றால் தோண்ட வேண்டும்.

இரண்டு பேரைப் பிடித்துத் தோண்டத் தொடங்கியதும் மீராலெவ்வைக் காக்கா வேலியடிக்கு வந்தார். என் வயதுதான் அவருக்கும், ஆனால் அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல மரியாதைக்கு நான் காக்கா என்பேன். கந்தோர் உத்தியோகத்தில் இருந்தவன் என்பதால் அவர் என்னைக் கிளாக்கர் என்பார். மிளகாய்த் தோட்டமும் மூன்று மாடும் வைத்திருந்தார். அதிகம் பேசாத மனிதர்.

“கிளாக்கர், இதோட நிப்பாட்டுங்க. இந்த மண்ணுக்குக் கீழ கடல்தான் இரிக்கி,” என்றார்.

என் புத்தியைப் பாருங்கள். பம்ப்பைக் கண்டு மனிதருக்குப் பொறாமை என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே, இன்னும் ஒரு ஆள் ஆழம் மட்டும்தான் என்றேன். அவர் திரும்பித் தன் மாடுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

ஒரு ஆள் ஆழம் தோண்டினோம். தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் விடாமல் பம்ப் ஓடியது. நான் கதிரையைக் கிணற்றடியில் போட்டு உட்கார்ந்து, வாய்க்கால் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புல்மோட்டையிலிருந்து மணல் ஏற்றி வந்த லொறிக்காரர்கள் நிறுத்தி முகம் கழுவிவிட்டுப் போனார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக என்னை ஒரு முதலாளி என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலைத் தேநீர் ஒரு மாதிரி இருந்தது.

கடற்காற்று

சீனிக்குத் தட்டுப்பாடான காலம். சீனி இல்லாததால்தான் அப்படி என்று நினைத்தேன். அடுத்த நாள் கோப்பையைச் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்தேன். அதற்கடுத்த நாள், கடற்காற்று உதட்டில் படிந்து அப்படித் தெரிகிறது என்று எனக்கு நானே விளக்கம் சொன்னேன். படித்தவன் அல்லவா, விளக்கத்துக்கா பஞ்சம்.

வெங்காயத்துக்கு விளக்கம் சொல்ல முடியவில்லை. நட்டு நாற்பது நாள் பயிர். தாள் நுனியெல்லாம் மஞ்சளாகி, பிறகு சிகரெட் நெருப்பு வைத்ததுபோலச் சுருண்டு கருகியது. பாத்தி மேலே காய்ந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பூப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

அன்றைக்குத்தான் பவளத்தின் கடிதமும் வந்தது. லீவு விட்ட அடுத்த நாள் இரவு ரயில் ஏறுகிறாளாம். விண்ணப்பத்தை நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டுக் கைப்பையில் வைத்திருக்கிறாளாம். கடைசி வரியில், “இளநீர்த் தண்ணி குடிக்க ஆசையாக் கிடக்கு,” என்று எழுதியிருந்தாள்.

உண்மையை எழுதியிருக்கலாம். தந்தி அடித்திருக்கலாம். திருகோணமலைக்குப் போய் ரயிலடியில் வைத்தே சொல்லியிருக்கலாம். நான் பம்ப்பை நிறுத்திவிட்டு மீராலெவ்வைக் காக்காவின் கிணற்றில் வாளி வைத்தேன். குடிக்கத் தண்ணீர் அள்ளலாமா என்று முன்பே கேட்டிருந்தேன். அவரும் ஓம், அள்ளுங்க என்றிருந்தார். அதைக் கொண்டுபோய் என்ன செய்யப்போகிறேன் என்று அவர் கேட்கவில்லை.

அந்த மூன்று நாளும், பன்னிரண்டும் ஒன்பதும் வயதான என் பிள்ளைகள் வருடத்தில் இரண்டு முறை விருந்தாளிபோல வந்து போகப்போகிறார்கள் என்று நினைப்பேன். நினைத்ததும் இன்னும் இரண்டு வாளி ஊற்றுவேன்.

பத்து மணி பஸ்

பஸ் பதினொன்றரைக்கு வந்தது. பிள்ளைகள் இறங்கிய கையோடு கடலைப் பார்த்து ஓடிவிட்டார்கள். பவளம் வீட்டைப் பார்க்கவில்லை, வெங்காயத்தைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கிணற்றடிக்குப் போனாள்.

நான் முந்திக்கொண்டு வாளியை எடுத்து, மேலாகத் தொட்டு ஒரு அரை வாளி மொண்டு கொடுத்தேன். இரண்டு கையையும் குவித்துக் குடித்தாள். கண்ணை மூடி இன்னொரு வாய் குடித்தாள்.

“நல்ல தண்ணி,” என்றாள்.

சிரிப்பு வந்தது. வா, வீட்டைப் பார்க்கலாம் என்றேன். அவள் அசையவில்லை. என் கையிலிருந்து கயிற்றை வாங்கி, வாளியை விசுக்கென்று விட்டாள். அது அடிவரை போய் முட்டும் சத்தம் கேட்டது. இழுத்தாள். ஒரு வாய் வைத்தாள். துப்பினாள்.

மறுபடி மேலாக ஒரு வாளி மொண்டு ருசி பார்த்தாள். மறுபடி அடியிலிருந்து ஒன்று. கந்தோரில் கணக்குப் பரிசோதிக்க வருகிறவர்கள்கூட இவ்வளவு நிதானமாக இருந்து நான் பார்த்ததில்லை. பிறகு என் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கையில் வாளிப் பிடி அழுத்திய தழும்பு.

“இஞ்சேருங்கோ, எங்கையிருந்து அள்ளினனீங்கள்?”

“எதை?”

“கிணத்துக்கை ஊத்தின தண்ணியை.”

அவள் கிணற்றுக் கட்டின்மேல் உட்கார்ந்தாள். கத்தப்போகிறாள் என்று நின்றேன். கைப்பை மடியில் இருந்தது. அதற்குள்தான் விண்ணப்பம்.

“நீங்கள் பொம்பிளை பாக்க வந்தண்டைக்கு எங்கட ஐயாவும் இதைத்தான் செய்தவர்,” என்றாள். “விடிய வெள்ளெண நானும் அம்மாவும் காவிக்கொண்டு வந்து ஊத்தினனாங்கள். நீங்கள் ரெண்டு செம்பு குடிச்சுப்போட்டு நல்ல தண்ணி எண்டு சொன்னனீங்கள்.”

எனக்கு அது நன்றாக நினைவிருந்தது. அந்தத் தண்ணீரைப் பற்றிக் கொழும்பில் நண்பர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். பதின்மூன்று வருடமாகச் சொல்லியிருக்கிறேன்.

எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவளுக்கும் வந்தது. ஆனால் அவளுடையது சீக்கிரம் நின்றுவிட்டது.

“சிரிச்சது சிரிச்சதுதான். இந்தத் தண்ணிக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன். லீவு முடிய இன்னும் பன்ரெண்டு நாள் கிடக்கு. பாப்பம்.”

நாலு இடம்

சாப்பிட்டு முடித்த பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பம்ப், ஒரு ஆள் ஆழம், மீராலெவ்வைக் காக்கா சொன்னது, நான் சிரித்தது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே கூழில் விட்ட நெய் மாதிரிக் கிடக்கும் என்றும், அதை மேலாக, மெல்ல, கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும் என்றும் சொன்னாள். நான் அடியில் குழாயை விட்டு உறிஞ்சி, நெய்யைக் கடந்து கூழைக் குடித்திருக்கிறேன். அவளுடைய தீவில் இது ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். கடிதத்தில் பம்ப் வாங்கியதை எழுதியிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாளாம். அவள் வியக்க வேண்டும் என்று அதை ஒளித்து வைத்திருந்தேன்.

அடுத்த நாள் காலை நான் எழும்பும்போது அவள் தோட்டத்தில் நின்றாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். ஒரு கம்பை மணலில் குத்திக் குத்தி இழுத்து, ஈரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனாள். நாலு இடத்தில் கோடு கீறினாள். மண்வெட்டியை என்னிடம் தந்தாள்.

துரவு என்பார்கள் அதை. கட்டு இல்லாத, ஆழமில்லாத மணல் குழி. ஒரு பக்கம் சரிவாக வெட்டி, நடந்தே உள்ளே இறங்கி வாளியில் மொண்டுகொண்டு ஏறலாம். இடுப்பளவு வெட்டியதும் காலடியில் தண்ணீர் ஊறியது. பவளம் குனிந்து ருசி பார்த்தாள். போதும், இனி ஒரு மண்வெட்டிகூட இறங்கக்கூடாது என்றாள். நாலு துரவிலும் அப்படித்தான். ஒன்றில் கொஞ்சம் அள்ளி, அதை ஆறவிட்டு, மற்றதில் கொஞ்சம் அள்ள வேண்டும். பாத்திகளில் இருந்த உப்பைக் கழுவ முதல் இரண்டு நாளும் தாராளமாக, பிறகு அளவோடு. அள்ளி ஊற்றுவது முழுக்க நான். அவள் வரம்பில் நின்று சொல்வாள்.

கிணற்றின் கதைதான் பெரிய அவமானம். தோண்டி எடுத்த மணல் கிணற்றடியில் குன்றுபோலக் கிடந்தது. அதை மறுபடி உள்ளே தள்ளி, பழைய ஆழத்துக்குக் கொண்டுவர வேண்டும். வெளியே எடுக்க ஆள் பிடித்துக் கூலி கொடுத்த மண்ணை, நானே வெயிலில் நின்று திருப்பிப் போட்டேன்.

இரண்டாம் நாள் மீராலெவ்வைக் காக்கா வேலியடிக்கு வந்தார். கொஞ்ச நேரம் மரியாதையாக நின்று பார்த்தார்.

“கிளாக்கர், கேக்கிறன் எண்டு குறை நினைக்க வாணாம். இதுவும் நேத்திதானா?”

எனக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார். மூன்று விடியலாக நான் அவருடைய கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுபோய் என் கிணற்றுக்குள் இறக்குவதை அவர் பார்த்திருக்கிறார். இது சைவ ஆட்களின் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து, பார்த்தும் பார்க்காததுபோல இருந்திருக்கிறார். வீட்டில் பெண்கள் சிரிக்க, அடுத்தவர் சாமி காரியத்தில் சிரிக்கக்கூடாது என்று அதட்டியும் இருக்கிறார்.

பவளம் வரம்பில் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கொழும்பிலிருந்து வந்தபின் அவள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். எனக்கு உள்ளே ஒரு சின்ன நம்பிக்கை. அவமானப்பட்டாலும் பரவாயில்லை, இவள் இங்கே இப்படிச் சிரித்துவிட்டாளே.

ஒன்பதாம் நாள்

ஆனால் விண்ணப்பம் கைப்பையை விட்டு வெளியே வரவில்லை. நான் கேட்கவுமில்லை. நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். இரவில் பிள்ளைகளின் ஈரத்துணி கொடியில் ஆடுவதைப் பார்த்தால், இதெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு என்று தோன்றும்.

ஒன்பதாம் நாள் காலை அவள் வெங்காயப் பாத்தியில் குந்தியிருந்தாள். கூப்பிட்டுக் காட்டினாள். கருகிய தாள்களுக்கு நடுவே, நெஞ்சுக்குருத்து ஒன்று ஊசிபோல எழும்பியிருந்தது. கடும் பச்சை. பக்கத்துச் செடியிலும் ஒன்று. அதற்கடுத்ததில் இல்லை. அதற்கடுத்ததில் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் முழங்கால் மணலோடு பாத்தி பாத்தியாகத் தவழ்ந்து எண்ணினோம். ஏறக்குறைய பாதிப் பயிர் தப்பியிருந்தது.

அன்றைக்குத் தேநீர் போட்டது துரவுத் தண்ணீரில். சீனி அப்போதும் இல்லை. அவள் கோப்பையை வைத்துவிட்டுக் கைப்பையைத் திறந்தாள். பேனையைக் கேட்டாள்.

“தண்ணி வாசலில இல்லை. நாற்பது அடி தள்ளிக் கிடக்கு,” என்றாள்.

“நான் காவுறன்.”

“சாகும் வரைக்கும்?”

“ஓம்.”

கையெழுத்து வைத்தாள். தபாலில் போடுவதற்கு நான் நிலாவெளிச் சந்திவரை பஸ்ஸுக்குக் காத்திராமல் நடந்தே போனேன். திரும்பி வரும்போது வழியில் நின்று அழுதேன் என்றும் எழுதலாம். அழவில்லை. பசித்தது, இரண்டு வாழைப்பழம் வாங்கிச் சாப்பிட்டேன். அவ்வளவு ருசியான வாழைப்பழம் அதற்குப் பிறகு கிடைக்கவில்லை.

கிணறு அடுத்த மாரிமழைக்குப் பிறகுதான் முழுசாக நல்ல தண்ணீருக்குத் திரும்பியது. பம்ப்பைச் சாக்கால் மூடி வைத்தோம். அதன் கீழே ஒரு பேட்டுக் கோழி முட்டையிடப் பழகிக்கொண்டது.

வைகாசியில், தப்பிய பாதி வெங்காயத்தைக் கிண்டி எடுத்தோம். தாளோடு பிடியாகக் கட்டி, குசினிக் கூரைக்குக் கீழே தொங்கவிட்டோம். வீடு முழுக்க வெங்காய வாசம். மீராலெவ்வைக் காக்காவுக்கு முதல் பிடியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒன்றைப் பிய்த்து, உரித்து, பச்சையாகக் கடித்தார். தலையை ஆட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானும் ஒரு மாதிரித் தோட்டக்காரன் ஆகிவிட்டேன் காக்கா என்றேன்.

அவர் மென்றுகொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்க தோட்டக்காரன் இல்ல, கிளாக்கர். தோட்டக்காரிட மாப்பிள்ள.”